மொழியை மாற்றினால் போதுமா?

ஒரு சிறு நிரலைப் பைத்தானிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதி, இத்தனை மடங்கு விரைவு கூடிற்று என்று பெருமிதம் கொள்வோர் கணினித் துறையில் பலர். அவர்கள் தரும் எண்கள் பொய்யல்ல. ஆயினும் அவற்றிலிருந்து மொழிகளுக்குத் தரவரிசை வகுப்பது பாதி உண்மையை முழு உண்மையாகக் கொள்வதாகும் என்பது நம் கருத்து.

2020 ஜூனில் 'சயின்ஸ்' இதழில் சார்லஸ் லைசர்சனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு எளியது: 4096 வரிசையும் 4096 நிரலும் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்குவது. பள்ளியில் கற்ற முறைப்படியே மூன்று அடுக்குச் சுழற்சிகளில் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 6,872 கோடிப் பெருக்கல்கள் அடங்கியுள்ளன.

18 உட்கருக்கள் கொண்ட கணினியில், பைத்தான் 2-இல் எழுதிய நிரலுக்கு ஏழு மணி நேரம் பிடித்தது. ஜாவாவில் சுமார் 40 நிமிடம். சி மொழியில் 9 நிமிடம். பைத்தானைவிடச் சி 47 மடங்கு விரைவு. காரணம் வெளிப்படை. பைத்தான் ஒவ்வொரு சுற்றிலும் கட்டளையைப் புதிதாகப் பொருள்கொண்டு இயங்குகிறது. சி நிரலைக் கம்பைலர் முன்கூட்டியே எந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது.

பெரும்பாலான ஒப்பீடுகள் இவ்விடத்தில் நின்றுவிடும். அவர்கள் நிற்கவில்லை. மொழியை மேலும் மாற்றாமலேயே, வேலையை எல்லா உட்கருக்களுக்கும் பகிர்ந்தபோது 70 விநாடியாயிற்று. அணியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, செயலிக்கு அருகிலுள்ள விரைவு நினைவகத்திற்குள் அடங்கச் செய்தபோது 4 விநாடிக்கும் குறைவு. ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வசதியையும் பயன்படுத்தியபின் 0.41 விநாடி! மொழிமாற்றம் தந்தது 47 மடங்கு. அதற்குப் பிந்தைய சிந்தனை தந்தது 1,300 மடங்குக்கும் மேல்.

இதனால் பைத்தான் பயனற்றது என்றாகிவிடுமா? நடைமுறையில் அணிப்பெருக்கலுக்குப் பைத்தானில் எவரும் சுழற்சி எழுதுவதில்லை. நம்பை என்னும் நூலகத்தை அழைப்பர். அது முன்பே எந்திரமொழிக்கு மாற்றப்பட்ட நிரல்களிடம் அவ்வேலையை ஒப்படைத்துவிடும். எனவே அளக்கப்பட்டது மொழியன்று. அம்மொழியில் ஒரு குறிப்பிட்ட விதமாக எழுதும் முறையே.

விரைவுக்கு விலையும் உண்டு. முதல் நிரலை மாணவர் எவரும் படித்தறிவர். இறுதி நிரலோ செயலியின் உள்ளமைப்பை அறிந்தவர்க்கே விளங்கும். எழுதவும் திருத்தவும் செல்லும் மனித உழைப்பு விநாடிக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

ஆகவே, முதலில் தெளிவாகப் படிக்கத்தக்க மொழியில் எழுதுக. பிறகு நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து, அப்பகுதியை மட்டும் திருத்துக. வேண்டுமெனில் மொழியையும் மாற்றுக. மொழிபெயர்ப்பில் மூலத்தைப் புரிந்துகொள்ளாதவனை எந்த மொழியின் வளமும் காப்பாற்றாது. நிரலுக்கும் அதுவே விதி.