காலைச் செய்தியில் பள்ளிக்கூடம் எங்கே?

தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், பழமொழி, பொது அறிவு. பிறகு ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் ஒரு பிள்ளை முன்னால் வந்து 'இன்றைய செய்திகள்' வாசிக்கும். தங்கம் விலை, அமைச்சரவை முடிவு, கிரிக்கெட், வானிலை என்று இரண்டு நிமிடத்தில் உலகம் முடிந்துவிடும்.

அந்தச் செய்திகள் பெரும்பாலும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வரும் தொகுப்பிலிருந்து எடுக்கப்படுபவை. குறள், பொன்மொழி, இரண்டொழுக்கப் பண்புகள், நீதிக்கதை, செய்தி என எல்லாம் அதில் ஒரே கோப்பாகக் கிடைக்கும். எட்டு வகுப்புகளையும் நாலைந்து பேர் சமாளிக்கும் பள்ளியில் இந்த வசதியைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் கன்னியாகுமரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே வாக்கியம் வாசிக்கப்படும்போது, வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதில் ஒட்டுதல் வருவது அரிது.

அதே நேரத்தில் பள்ளிக்குள் செய்திக்குப் பஞ்சமே இல்லை. வட்டார அளவிலான கலைத் திருவிழாவுக்கு யார் போகிறார்கள், வானவில் மன்றத்தில் நேற்று செய்துகாட்டிய அறிவியல் சோதனை என்ன, தண்ணீர்க் குழாய் ஏன் வேலை செய்யவில்லை என்றெல்லாம் பிள்ளைகள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு காலைக் கூட்டத்துக்குள் வருவதில்லை.

வர முடியும் என்பதற்கு நூறாண்டு பழைய சான்று இருக்கிறது. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்ட செலஸ்தேன் ஃபிரெனே என்ற இளைஞர் 1920இல் தெற்கு பிரான்ஸின் பார்-சூர்-லூ என்னும் மலைக் கிராமத்துக்கு ஆசிரியராகப் போனார். வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச அவரால் முடியவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். தறிக்காரரையும் தச்சரையும் வயலையும் பார்த்துவிட்டுத் திரும்பியதும் கண்டதை எழுதச் சொன்னார். 1924இல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வகுப்புக்கு வந்தது. பிள்ளைகளே எழுத்துக் கோத்தார்கள், அச்சடித்தார்கள், அந்தத் தாள்களை பிரான்ஸின் மறுகோடியில் இருந்த பிரிட்டனிப் பள்ளி ஒன்றுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. முன்பின் பார்த்திராத ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் பிழை திருத்துவதில் பிள்ளைக்குத் தானாகவே அக்கறை வந்துவிடும்.

வார்சாவில் மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் இன்னும் ஒரு படி மேலே போனார். 1926இல் ஒரு நாளிதழின் வாராந்தர இணைப்பாக அவர் தொடங்கிய 'மாவி பிஷெக்லான்ட்' முழுக்கச் சிறுவர் சிறுமியரின் எழுத்தால் நிரம்பியது. வீடு, பள்ளி, தெரு, மனக்குறை என எதைப் பற்றியும் கடிதம் வரலாம். 1939 செப்டம்பரில் போர் மூளும்வரை அது வெளிவந்தது. தொலைதூர உதாரணம் வேண்டாம் என்போர் டெல்லியைப் பார்க்கலாம். தெருவோரச் சிறுவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் 'பாலக்நாமா' 2003 முதல் அங்கே வெளியாகிறது.

தமிழ்நாட்டிலும் வழி திறந்துதான் இருக்கிறது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் 'தேன்சிட்டு' இதழைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மாநிலம் முழுவதற்குமான ஓர் இதழில் ஒரு பிள்ளையின் எழுத்துக்கு இடம் கிடைப்பது எப்போதாவதுதான். பள்ளியின் கரும்பலகையிலும் காலைக் கூட்டத்திலுமோ தினமும் இடம் உண்டு.

வெளியுலகச் செய்தியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை ஊரோடு இணைத்தால் போதும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால், டெல்டாவில் உள்ள ஒரு பள்ளி அந்தச் செய்தியோடு நிற்க வேண்டாம். ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வந்தது, யார் வயலில் நாற்றங்கால் போட்டார்கள் என்று இரண்டு பிள்ளைகள் தாத்தாவிடமும் அப்பாவிடமும் கேட்டு எழுதி வரட்டும். பள்ளியில் மழைமானி இருந்தால் நேற்றைய மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து வாசிக்கட்டும். கேட்பது, சரிபார்ப்பது, சுருக்கி எழுதுவது என்ற மூன்றும் தமிழ்ப் பாடமேதான். தனிப் பாடவேளை தேவையில்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும்: கழிப்பறைக் கதவு உடைந்ததைப் பிள்ளை வாசித்தால் பள்ளியின் பெயர் என்னாவது? பெயரைக் கெடுப்பது உடைந்த கதவுதான், அதைச் சொல்லும் பிள்ளையல்ல. ஆனால் ஓர் எல்லை வேண்டும். ஒரு பிள்ளையின் வீட்டுக் கஷ்டமோ மதிப்பெண்ணோ சாதியோ எந்த நாளும் செய்தியாகக் கூடாது. அந்த எல்லையை ஆசிரியர்தான் காக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அந்தக் குழுவின் கூட்டத்தில் இரண்டு மாணவர்களைக் குறிப்பெடுக்க உட்கார வைக்கலாம். குழாய் எப்போது சரியாகும் என்ற கேள்விக்குப் பெரியவர்கள் சொன்ன தேதியை மறுநாள் காலை பள்ளி முழுவதும் கேட்கும்படி அவர்கள் வாசிக்கட்டும்.