கேம் பாயில் தலைசிறந்தது எது? - பட்டியல்களும் அளவுகோல்களும்

கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு வெளிவந்த விளையாட்டுகளுள் தலைசிறந்தது எது என்ற வழக்கு, அக்கருவி சந்தைக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் தீர்ந்தபாடில்லை. 'டெட்ரிஸ்' என்பார் ஒரு சாரார். 'போக்கிமான்' என்பார் மறுசாரார். செல்டா வரிசையில் 1993இல் வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்' என்று ஒற்றைக்காலில் நிற்போர் ஒரு சிறுகூட்டம். நாம் அந்தச் சிறுகூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இலக்கிய இதழ்களைப் புரட்டும் கைகளுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிறந்த நாவல்கள் நூறு, சிறந்த சிறுகதைகள் ஐம்பது என்று எவரேனும் பட்டியல் போட்டபோதெல்லாம் இரவு பகல் பாராமல் மல்லுக்கு நின்றவர்கள் நாம்தாம். விடுபட்ட பெயர்களுக்காக நட்பை முறித்துக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. அச்சண்டைகளில் பழகிய கண்ணுக்கு இந்தச் சண்டை அந்நியமாகத் தெரியாது. பேசப்படுவது விளையாட்டுப் பொருளாயினும் கேட்கப்படும் கேள்வி பழையது: எதை வைத்து ஒன்றைச் சிறந்தது என்கிறோம்?

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. நிண்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோக்கோயும் அவரது குழுவினரும் வடிவமைத்த கேம் பாய், 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியாயிற்று. குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள் கொண்ட சிறு திரை. வண்ணம் கிடையாது, பச்சை படிந்த நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. நன்கு பழகி, விலை மலிந்து, பிறர் கைவிடத் தொடங்கிய தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் எண்ணாத பயனுக்குத் திருப்புவதே யோக்கோயின் கொள்கை. அத்தகைய தொழில்நுட்பத்தை 'வாடியது' என்ற சொல்லாலேயே அவர் குறித்தார். அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்க்ஸும், 1990இல் வந்த சேகா கேம் கியரும் வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்டவை. ஆனால் ஆறு பென்சில் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிட்டு மறுபடி கையேந்தும் இயல்பும் அவற்றுக்கு இருந்தது. கேம் பாய் நான்கு பேட்டரிகளோடு நெடுநேரம் உழைத்தது. பின்னர் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து ஏறத்தாழ 11 கோடியே 87 லட்சம் கருவிகள் விற்றன.

இந்தக் கருவியின் வறுமையைக் கணக்கில் கொள்ளாமல் அதன் விளையாட்டுகளை எடைபோட முடியாது என்பதே நமது அடிப்படை வாதம். வெண்பாவின் தளைகளைப் புறந்தள்ளிவிட்டு ஒரு வெண்பாவை மதிப்பிட முடியுமா? தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெரிய கருவியின் விளையாட்டைச் சுருக்கி இதில் அடைத்தவை ஒரு வகை. இந்தச் சின்னத் திரையிலேயே கருவாகி, இதன் குறைகளையே தம் இயல்பாக்கிக்கொண்டவை மற்றொரு வகை. 1989இன் 'சூப்பர் மரியோ லேண்ட்' முதல் வகை. இனியதுதான், ஆனால் வாமன அவதாரம். 1991இன் 'மெட்ராய்ட் 2' விளையாட்டையும் அதனோடு சேர்த்துத் தள்ளுவோர் உளர். அது அநியாயம். அதில் நாயகியின் உருவம் பெரிதாக வரையப்பட்டதால் அவளைச் சுற்றி நமக்குப் புலப்படும் வெளி மிகக் குறுகியது. அடுத்த அடியில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாத அந்த அச்சம் திரையின் சிறுமையிலிருந்தே பிறக்கிறது.

1994இல் வந்த 'டாங்கி காங்' இன்னும் சுவையானது. 1981இல் கடைகளில் காசு போட்டு ஆடப்பட்ட பழைய ஆட்டத்தின் நான்கு கட்டங்களை அப்படியே தந்து, முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும் வேளையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட புதிய கட்டங்களை விரிக்கிறது. மூலத்துக்கு உரையெழுதப் புகுந்த உரையாசிரியர் தம் உரையாலேயே இன்னொரு மூலத்தைச் செய்துவிட்டது போன்ற காரியம் அது. பட்டியல்களில் அது ஏன் எப்போதும் ஏழாம் எட்டாம் இடங்களிலேயே உழல்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை.

டெட்ரிஸுக்கு வருவோம். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது அது. படம் வரையும் வசதியே இல்லாத எலெக்ட்ரானிகா 60 என்ற கணினியில், அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டங்களை அமைத்தார். நான்கு சதுரங்களால் ஆகக்கூடிய ஏழு வடிவங்கள், அவ்வளவுதான் மூலப்பொருள். 1989 பிப்ரவரியில் ஹெங்க் ரோஜர்ஸ் என்னும் வணிகர் மாஸ்கோவுக்கே நேரில் சென்று கையடக்கக் கருவிக்கான உரிமையைப் பெற்றுவந்தார். சிறுவர்கள் மட்டும் வாங்கினால் போதுமென்றால் மரியோவைச் சேருங்கள், எல்லோரும் வாங்க வேண்டுமென்றால் டெட்ரிஸைச் சேருங்கள் என்பது அமெரிக்க நிண்டெண்டோவின் தலைவர் மினோரு அரகாவாவிடம் அவர் வைத்த வாதம். அது வென்றது. அமெரிக்காவில் விற்ற பெட்டிகளில் கருவியோடு டெட்ரிஸும் சேர்ந்தே வந்தது. படைத்தவருக்கோ 1996 வரை உரிமைத்தொகை ஒரு காசும் கிடைக்கவில்லை. உரிமைத்தொகைக்குக் காத்திருந்தே மூப்படைந்த நம் எழுத்தாளர்களை நினைத்துக்கொண்டால் இது புதிய கதையன்று.

இலக்கிய வாசகர்க்கு இன்னொரு செய்தி. அந்த ஆட்டத்தோடு உலகெங்கும் முணுமுணுக்கப்பட்ட மெட்டு 'கொரோபெய்னிகி' என்ற ருசியப் பாடலினுடையது. ஊர் ஊராகச் சுமை தூக்கிச் சென்று விற்கும் சில்லறை வணிகரைப் பற்றி நெக்ராசோவ் 1861இல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து உருவான பாடல் அது. கேம் பாயின் ஒலிக்கேற்ப அதைச் சமைத்துத் தந்தவர் ஹிரோகாசு தனாகா. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் நிழல், பெயரறியாத கோடிக்கணக்கான காதுகளுக்குள் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

இத்தனை சிறப்பிருந்தும் ஏன் முதலிடம் தரவில்லை? டெட்ரிஸ் கேம் பாய்க்குரியதன்று என்பதே காரணம். அது கணினியிலும் வாழும், தொலைபேசியிலும் வாழும். எந்த மண்ணிலும் முளைக்கும் விதைக்கு ஒரு குறிப்பிட்ட நிலத்தின் சிறந்த பயிர் என்ற பட்டம் எதற்கு? டெட்ரிஸ் கட்சியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இதை ஏற்பதில்லை. கதையும் மொழியும் வேண்டாமல், மூன்று நிமிடம் கிடைத்தாலும் ஆடி, எந்த வேளையிலும் கீழே வைத்துவிடக்கூடிய ஆட்டமே கையடக்கக் கருவியின் உயிர் என்கிறார். 1993இல் விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ், மிர் நிலையத்துக்குக் கேம் பாயோடு எடுத்துச்சென்றது டெட்ரிஸைத்தானே என்றும் கேட்கிறார். வலுவான வாதம். ஆனாலும் அது பயன்பாட்டின் புகழேயன்றிப் படைப்பின் புகழன்று என்பது நமது கருத்து.

போக்கிமான்காரர்களின் வாதம் நமக்கு இதைவிடச் சங்கடமானது. 1996 பிப்ரவரியில் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக அது வெளியாயிற்று. சிறு வயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்த சதோஷி தஜிரி, இரு கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபோது அதன்வழியே பூச்சி ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார். எந்தப் பதிப்பிலும் எல்லா உயிர்களும் கிடையா. முழுமை வேண்டுமென்றால் மற்றொரு பிள்ளையைத் தேடிச்சென்று பண்டமாற்றுச் செய்தாக வேண்டும். கருவியின் இயல்பிலிருந்தே பிறப்பது சிறப்பு என்ற நமது அளவுகோலின்படி இதுதானே முதலில் நிற்க வேண்டும் என்று கேட்டால், பாதி சரி என்போம். போக்கிமானின் மேன்மை இரு கருவிகளுக்கு இடையே, பள்ளி மைதானத்தில் நிகழ்ந்தது. அது ஒரு திருவிழா. விழா முடிந்த திடலில் கார்ட்ரிட்ஜை மட்டும் தனியே எடுத்துவைத்துப் பார்த்தால், ஒரே மாதிரியான சண்டைகளின் நெடுந்தொடரும், மனோசக்தி வகை உயிர்கள் பிறவற்றை எளிதில் வீழ்த்திவிடும் சமனின்மையும் கண்ணில் படுகின்றன. 1999இல் அதே குழுவினரே 'தங்கம்', 'வெள்ளி' பதிப்புகளில் இவற்றைப் பெரிதும் சீராக்கினர். பழைய நிலப்பரப்பையும் அதற்குள் சேர்த்துவிட்டனர்.

இனி நமது தேர்வு. 'லிங்க்ஸ் அவேக்கனிங்' அலுவல் நேரத்துக்குப் பின் சிலர் அனுமதியின்றித் தொட்டுப் பார்த்த முயற்சியாகத் தொடங்கியது. இயக்கியவர் தகாஷி தெசுகா. கதையில் கென்சுகே தனாபேவுக்கும் யோஷியாகி கோய்சுமிக்கும் பங்குண்டு. கப்பல் உடைந்து கோஹொலிண்ட் என்ற தீவில் கரையொதுங்குகிறான் லிங்க். மாரின் என்ற பெண் அவனைக் காப்பாற்றுகிறாள். எட்டு இசைக்கருவிகளைச் சேர்த்து, மலையுச்சியில் ஒரு முட்டைக்குள் துயிலும் காற்று மீனை எழுப்பினால் ஊர் திரும்பலாம். பாதி வழியில் ஒரு சுவரோவியம் உண்மையைச் சொல்லிவிடுகிறது: தீவும் அதன் மக்களும் அந்த மீன் காணும் கனவு. அது விழித்தால் மாரின் இல்லை, கடற்கரை இல்லை, கடைக்காரன் இல்லை. வழியில் எதிர்ப்படும் பூதங்கள் இதைச் சொல்லி எச்சரிக்கின்றன. அவை பகைவர்தாமா, தம் உலகைக் காக்கப் போராடுபவையா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. ஆயினும் ஆடுகிறோம். ஆடாமல் நிறுத்தினால் தீவு நிலைக்கும், கதை முடியாது. வாசகனையே குற்றத்தில் கூட்டாளியாக்கும் உத்தியை நவீன நாவல்களில் நாம் வியந்ததுண்டு. இங்கே அது நான்கு சாயல்களில், பத்து வயதுப் பிள்ளைக்கும் உறைக்கும்படி நிகழ்கிறது.

தீவு முழுவதும் பதினாறுக்குப் பதினாறு என 256 திரைகள். ஒரு நேரத்தில் ஒன்றே தெரியும். ஓரத்துக்குப் போனால் ஏடு புரள்வதுபோல் அடுத்தது வரும். சில நாட்களில் அத்தனை ஏடுகளும் மனப்பாடமாகிவிடுகின்றன. கடையில் திருடிவிட்டு வெளியேறினால், அதன்பின் எல்லோரும் உங்களை உங்கள் பெயரால் அழைக்காமல் 'திருடன்' என்றே அழைப்பார்கள். இது சிறிய குறும்பு. ஆனால் சிறிய உலகில்தான் பழி இப்படி ஒட்டிக்கொள்ளும். குறைகளும் உண்டு. இரண்டே பொத்தான்கள் இருப்பதால் வாளையும் கேடயத்தையும் இறகையும் ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கல்லைத் தெரியாமல் உரசினாலும் அது கனமானது என்ற அறிவிப்பு மறுபடி மறுபடி வந்து பொறுமையைச் சோதிக்கும். 2019இல் வந்த மறுவாக்கம் இவற்றைக் களைந்தது. எனினும் அதன் பளபளக்கும் பொம்மைத்தீவு கனவாகத் தோன்றவில்லை, கண்காட்சியாகத் தோன்றுகிறது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்த மங்கல் திரையில்தான் அத்தீவு கனவாக இருந்தது.

இந்தச் சண்டைக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்றால், பட்டியல்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைவழியே பெற இயலாதவை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. கேம் பாயின் நிலை அதிலும் மோசம். பழைய கார்ட்ரிட்ஜ்களில், ஆடியதைச் சேமிக்க உள்ளே வைத்த சிறு பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்லச் செத்துப்போகிறது. பிள்ளைகள் சேர்த்த உயிர்களும் அதோடு மாய்கின்றன. 2023 பிப்ரவரியில் நிண்டெண்டோ தன் சந்தா சேவையில் கேம் பாய் ஆட்டங்களைச் சேர்த்தபோது முதல் தொகுதியில் இடம்பெற்றவற்றுள் டெட்ரிஸும் உண்டு, 'லிங்க்ஸ் அவேக்கனிங்' வண்ணப் பதிப்பும் உண்டு. பேசப்படுவது மறுபதிப்புக் காணும். பேசப்படாதது கரையான் வாய்க்குப் போகும். வளையாபதி நமக்கு மேற்கோள் பாடல்களாக மட்டுமே எஞ்சியிருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், தொகுத்தவர் கை எதைத் தொட்டது எதைத் தொடவில்லை என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.

ஆகவே நமது பட்டியலில் எவரும் எதிர்பாராத ஒன்றையும் சேர்க்கிறோம். 1992இல் ஜப்பானில் மட்டும் வெளியான 'கயெரு நோ தமே நி கனே வ நரு'. 'தவளைக்காக மணி ஒலிக்கிறது' என்று பொருள். ஹெமிங்வேயின் நாவல் தலைப்பைக் கேலி செய்யும் பெயர். இளவரசன் தவளையாகவும் பாம்பாகவும் மாறித் திரியும் நகைச்சுவைக் கதை. சண்டைகள் தாமே நடந்து முடியும். நாம் செய்ய ஒன்றுமில்லை, வலிமை போதாவிட்டால் திரும்பி ஓடுவதைத் தவிர. அதன் ரிச்சர்ட் இளவரசன் மறு ஆண்டே 'லிங்க்ஸ் அவேக்கனிங்' தீவில், தவளைகள் சூழ ஒரு மாளிகையில் வந்து அமர்ந்திருக்கிறான். அவன் எங்கிருந்து வந்தான் என்பதே மேலை நாட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆர்வலர்கள் தாமாகவே முயன்று 2011இல் ஆங்கிலத்தில் பெயர்த்தனர்.

முதலிடம் 'லிங்க்ஸ் அவேக்கனிங்', இரண்டு 'டாங்கி காங்', மூன்று டெட்ரிஸ், நான்கு போக்கிமான், ஐந்து இந்தத் தவளை. டெட்ரிஸை மூன்றாமிடத்துக்கு இறக்கியதற்கு நண்பரின் மறுப்பு இவ்வாரமே வந்துவிடும். அதற்கு நமது விடை அடுத்த வாரம்.