அது குப்பை இல்லீங்க, கூடு!

இந்த வாரம் சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள செம்பருத்தியில் அழுக்குப் பை மாதிரி ஒன்று தொங்குதே, பார்த்தீங்களா? ஆண்டு விழாவுக்காக வெள்ளிக்கிழமை சுத்தம் செய்யும்போது அதையும் பிடுங்கிப் போடுவதாக எங்க வகுப்பில் பேச்சு. அது தேன்சிட்டுக் கூடு.

குப்பை மாதிரி தெரிவதுதான் அதன் தந்திரமே. பெண் குருவிதான் கட்டும். நாரையும் காய்ந்த புல்லையும் சிலந்தி நூலால் பிணைத்து, மேலே மரப்பட்டைத் துண்டு, சருகு, புழுவின் எச்சம் வரைக்கும் ஒட்டி வைக்கும். பக்கத்தில் வாசல். வாசலுக்கு மேலே மழை படாமல் சின்னதாக ஒரு தாழ்வாரம்! காக்காவை ஏமாற்றக் கட்டியதில் நாமும் ஏமாந்து போனோம்.

பறவைப் புத்தகத்தில் இதன் பேர் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. (சிரிக்காதீங்க, நான் வைத்த பேர் இல்லை.) ஆணுக்கு உச்சந்தலை பச்சையாக மின்னும், தொண்டை ஊதா, வயிறு மஞ்சள். பெண் சாதாரணப் பழுப்புதான், வயிறு மட்டும் இளமஞ்சள். எடை 10 கிராம்கூட வராது. சார் வண்டிக் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று கொத்திக்கிட்டு இருக்குமே, அதுதான். நிறைய பேர் இதை ஹம்மிங் பேர்டு என்கிறார்கள். தப்பு. அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. நம்ம சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும். பூ நீளமாக இருந்தால் அடியில் ஓட்டை போட்டுத் திருடவும் செய்யும்!

"காட்டுல போய்க் கட்டட்டுமே" என்றாள் என் தோழி. இதுக்கு அடர்ந்த காடு வேண்டியதில்லை. முருங்கை, வாழை, செம்பருத்தி இருக்கிற தோட்டம்தான் இதன் ஊர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூ சொன்னார் என்று தமிழ் அம்மா நடத்தினாரே, நம்ம ஆற்றில் கபிலர் குன்றும் இருக்கே, அந்த ஊரில் ஒரு செம்பருத்திக் கிளையை விட்டுவைக்கக் கூடாதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், போன வருஷம் எங்க வீட்டு வாசலில் தொங்கியதை ஒட்டடை என்று நினைத்து நானேதான் கோலால் தட்டினேன். உள்ளே இரண்டு முட்டை. ஆயா ஒண்ணும் சொல்லவில்லை, பெருக்கி எடுத்துக்கொண்டு போனாங்க. தாய்க்குருவி இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றி வந்தது.

முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல். ஒரு மாசம் கொடுங்க, போதும். விழாவுக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை செம்பருத்திப் பக்கம் பெருக்க என் பேரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி