28 பாகம் ஆழத்தில் ஒரு கப்பல்

இரண்டு உயரமான தென்னை மரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்துங்கள். ஏறக்குறைய 165 அடி வரும். ஆலப்புழைக்கு மேற்கே, கடலில் அவ்வளவு ஆழத்தில் ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிறது. மீனவர் கணக்கில் அது 28 பாகம்.

கப்பலின் பெயர் எம்.எஸ்.சி. எல்சா-3. 2025 மே மாதம் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, 25ந் தேதி 640 சரக்குப் பெட்டிகளுடன் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிர் தப்பினார்கள்.

"கேரளத்தில் மூழ்கிய கப்பலால் குமரிக்கு என்ன?" என்று கேட்கலாம். சில நாட்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் வெள்ளை வெள்ளையாய் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பார்த்தால் ஜவ்வரிசி போல இருக்கும். மணலைச் சலித்துத்தான் அவற்றைப் பொறுக்க வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் மேற்குக் கடற்கரை ஓரமாக நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். மணிகள் அதோடு வந்துவிட்டன.

குளிர்ந்த கடல்

அதே காலத்தில் நம் கடலில் இன்னொரு காரியமும் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேல்தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்துக்கு அடியில் இருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. கேரளத்தின் தென்பகுதியில் இருந்து குமரி முனை வரை இது நடக்கும். அடிநீரோடு உரச்சத்தும் வரும். அதில் நுண்ணிய பாசிகள் செழிக்கும். அதைத் தின்ன சாளையும் நெத்திலியும் கூடும். முனைக்குத் தெற்கே 'வாட்ஜ் பேங்க்' என்ற கடல்மேடு மீனுக்குப் பெயர் போனதற்கு இந்தக் குளிர்நீரும் ஒரு காரணம்.

மீன் பெருகட்டும் என்றுதான் இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. சரியாக அந்த நேரம் பார்த்து பிளாஸ்டிக் வந்து சேர்ந்தது! மீனுக்கு அது மீன் முட்டை போலத் தெரியும். விழுங்கிவிடும்.

எப்படி இறங்குகிறார்கள்?

முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு முக்குளிப்பதற்கு 'ஸ்கூபா' என்று பெயர். பிரான்சில் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர் 1943இல் இதற்கு வழி கண்டார்கள். இன்று மூழ்கிய கப்பல்களைப் பார்ப்பதற்கென்றே உல்லாசப் பயணம் போகிறவர்கள் உண்டு. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ந் தேதி ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டு போட்டு மூழ்கடித்தன. இப்போது அது மீன்களுக்கு வீடு.

ஆனால் ஆழம் விளையாட்டல்ல. 33 அடிக்கு ஒரு மடங்கு வீதம் அழுத்தம் ஏறும். 165 அடியில் அது ஆறு மடங்கு. குப்பிக் காற்றும் ஆறு மடங்கு வேகமாகத் தீரும். அவசரப்பட்டு மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி உயிருக்கே ஆபத்து. உல்லாசமாக முக்குளிப்பவர்களுக்கு 130 அடிதான் எல்லை.

எல்சாவில் ஏறக்குறைய 450 டன் எண்ணெய் இருந்தது. அந்த ஆழத்தில் மணிக்கணக்காக வேலை செய்ய இதையே தொழிலாகக் கொண்டவர்கள் தேவை. கப்பலில் உள்ள அழுத்த அறையிலேயே அவர்கள் நாட்கணக்காகக் குடியிருப்பார்கள். ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பார்கள். பேசினால் குரல் வாத்து கத்துவது போல இருக்கும்! உடல் சூடு குறையாதிருக்க, வெந்நீர் ஓடும் உடை அணிவார்கள்.

நம் ஆட்கள்

கரையில் கிடப்பதைப் பொறுக்கலாம். அடியில் போனதை யார் பார்ப்பது? பெட்டிகள் பல கடலடியில் கிடக்கின்றன. வலை மாட்டினால் மீனவருக்கு நஷ்டம். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 1,227 கோடிக்குப் பிணை கட்டும்படி கப்பல்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. நஷ்டம் கேட்க வேண்டுமானால் சாட்சி வேண்டாமா?

திருவனந்தபுரத்தில் 'பிரண்ட்ஸ் ஆப் மரைன் லைப்' என்ற குழு ஸ்கூபா கட்டி இறங்கி, கடலடிப் பார்களைப் படம் பிடித்து வருகிறது. நம் பக்கம் குளச்சலிலும் கடியப்பட்டணத்திலும் வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு பாறையில் சிப்பி எடுக்கிறார்கள். எந்தப் பாறையில் என்ன வளரும், எது செத்தது என்று அவர்களுக்குத் தெரியும். மூழ்கிய கப்பலுக்குப் போகச் சொல்லவில்லை. கரையோரப் பார்களைப் பார்த்துவர அவர்களுக்கு ஒரு குப்பியும், சில வாரப் பயிற்சியும், ஒரு காமிராவும் கொடுத்தால் என்ன?