தலைவிதியா? பயிற்சிக் குறைவா?

2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. இப்படிப்பட்ட சாவைக்கூட “தலைவிதி” என்று சொல்லி ஆறுதலடைகிறவர்கள் நம்மில் உண்டு. நாம் கேட்கிறோம்: அந்தக் கூரையை வேய்ந்தது விதியா, மனிதனா?

தீயணைப்போருக்கு நாகபுரியில் தேசியக் கல்லூரியே இருக்கிறது. தைரியம் மாத்திரம் போதுமென்றால் கல்லூரி எதற்கு? தீ யாருடைய கோபமுமல்ல. எரிபொருள், காற்று, சூடு ஆகிய மூன்றும் கூடினால் எரியும். ஒன்றை விலக்கினால் அணையும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. நீர் அடியிற்சென்று நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை நாலாபுறமும் வீசும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடினால் போதும். புகை மேலே நிற்கும். ஆகையால் நிமிர்ந்து ஓடுகிறவன் மயங்கி விழுவான், தவழ்கிறவன் பிழைப்பான். இவையெல்லாம் பழக்கத்தால் வருபவையே ஒழிய, பிறவியில் வருபவையல்ல.

ஆனால், தீயணைக்கும் வண்டி வந்து சேருமுன் தீக்கெதிரே நிற்பவர்கள் யார்? உபாத்தியாயரும், சமையல் செய்யும் அம்மாளும், ஆஸ்பத்திரித் தாதியுமேயாவார்கள். கல்லூரியிற் சொல்லித்தருவதில் நாலு பாடத்தையாவது இவர்களுக்கு வருஷந்தோறும் பழக்கிவைக்க வேண்டாமா? உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடைசியாக எப்போது அப்பயிற்சி நடந்ததென்று நாளைக்கே போய்க் கேளுங்கள். பதில் இல்லையானால், அதற்குப் பிறகு விதியின்மேல் பழிபோட நமக்கு யோக்கியதை இல்லை.