சாவி யார் கையிலே?

தோழர்களே! தொழில் நடத்துவோர் வட்டாரத்திலே இன்று பெருஞ் செல்வாக்குப் பெற்றுள்ள சொல் ஒன்று உண்டு: இடர் மேலாண்மை. வேலைத்தலத்திலே நேரக்கூடிய விபத்து, உற்பத்தியிலே ஏற்படக்கூடிய தடை, உடைமைக்கு வரக்கூடிய களவும் சேதமும், இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணி, எடைபோட்டு, ஏட்டிலே எழுதி, ஏற்பாடு செய்துகொள்வதற்கு இந்தப் பெயர். வேண்டாம் என்போமா? வேண்டும், மிக மிக வேண்டும் என்றே கூறுவோம். ஆனால் ஒரு கேள்வி. அந்த ஏட்டிலே எழுதப்படுகிற இடர் யாருடைய இடர்? பணத்தைப் போட்டவரின் இடரா, உயிரைப் பணயம் வைத்தவரின் இடரா? இரண்டும் ஒன்றுதானே என்பர், ஏடு எழுதுவோர். ஒன்றல்ல என்பதற்கு உலகம் தந்துள்ள சான்றுகளோ, கொடியவை!

நியூயார்க் நகரம், 1911 மார்ச் 25. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளிலே டிரையாங்கிள் என்னும் ஆடை ஆலை. வேலை முடியும் வேளையிலே எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடிப் பெண்கள் ஒரு கதவை நோக்கி ஓடினர். பூட்டிக் கிடந்தது கதவு! ஏன் பூட்டினர்? துணி களவு போகாதிருக்க! வெளியேறுவோர் அனைவரும் ஒரே வழியாகச் சென்று, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. மாண்டவர் 146 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த இளம் பெண்கள்.

இடரை எண்ண மறந்துவிட்டது நிர்வாகம் என்று எவரேனும் கூறமுடியுமா? எண்ணியதே! களவை எண்ணிக் கதவுக்குப் பூட்டு. தீயை எண்ணிக் கட்டடச் சரக்குக்குக் காப்பீடு. காப்பீட்டுப் பணம் உரிமையாளர் இருவருக்கும் வந்து சேர்ந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று வழக்கிலே விடுதலையும் கிடைத்தது. நட்டஈடு கேட்டு வழக்காடிய குடும்பங்களுக்கு 1914இலே கிடைத்தது, உயிர் ஒன்றுக்கு 75 டாலர். ஏட்டுக் கணக்கின்படி பார்த்தால், அங்கே இடர் நன்றாகவே மேலாளப்பட்டது! 1909இலே அந்நகரத்து ஆடைத் தொழிலாளப் பெண்கள் ஆயிரமாயிரமாகத் திரண்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பல ஆலைகள் சங்கத்தோடு உடன்பட்டன. டிரையாங்கிளோ சங்கத்தை ஏற்க மறுத்தது என்பதையும் நினைவிலே கொள்ளுங்கள்.

நூறாண்டு உருண்டது. சோதனை நிறுவனங்கள் தோன்றின, சான்றிதழ்கள் தோன்றின. கராச்சி நகரத்து அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கும் எஸ்.ஏ.8000 என்னும் சான்றிதழ் வழங்கப்பட்டது. சில வாரங்கள் சென்றன. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே தீ. 250க்கு மேற்பட்டோர் வெந்து மடிந்தனர். சன்னல்களிலே இரும்புக் கம்பி; வெளியேறும் வழிகளிலே அடைப்பு. தீ வைத்தது பணம் பறிக்க முனைந்த கும்பல் என்று 2020இலே கராச்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, தீ வைத்தவர் வெளியார். வழியை அடைத்தவர் யார்? கொள்ளைக்காரன் உள்ளே வராதிருக்கப் போட்ட கம்பி, உழைப்பாளி வெளியே வராதபடி தடுத்தது.

பூட்டு இல்லாமலே பூட்டிய இடமும் உண்டு. டாக்கா நகரை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம். மேல் மாடிகள் உரிய அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. மேலே ஐந்து ஆடை ஆலைகள். கீழே கடைகளும் ஒரு வங்கியும். 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களிலும் சுவர்களிலும் விரிசல். கட்டடம் ஆபத்தானது என்றார் பொறியாளர். ஆபத்து இல்லை என்றார் உரிமையாளர். மறுநாள் வங்கி தன் ஊழியரை வரவேண்டாம் என்றது. ஆடைத் தொழிலாளரையோ, வந்தே தீரவேண்டும் என்றனர். வராவிட்டால் மாதக் கூலி கிடையாது என்று மிரட்டினர் என உயிர் தப்பியோர் கூறினர். மின்சாரம் நின்றது, மேல் மாடியிலிருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, காலை ஒன்பது மணியளவில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் மாண்டனர்.

அதே கட்டடம், அதே விரிசல், அதே செய்தி! வங்கி ஊழியர் பிழைத்தனர். தையல் தொழிலாளர் புதைந்தனர். ஆபத்து தெரியாமல் நேர்ந்த சாவா இது? தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே போகமாட்டோம் என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வேலையிலே நீடிக்கும் வலு மட்டுமே அவர்களிடம் இல்லை. அந்த ஐந்து ஆலைகளில் ஒன்றிலேனும் தொழிற்சங்கம் இருந்ததில்லை.

தொழிலாளி கையிலே நிறுத்தும் உரிமையைக் கொடுத்தால் உற்பத்தி என்ன ஆவது என்பர். வங்கிக்கு ஒரு நாள் அலுவல் கெட்டது. ஐந்து ஆலைகளும் அன்றோடு ஒழிந்தன. எது நட்டம் என்று அவர்களே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

இந்தியாவிலே போபால் நச்சுவாயுக் கொடுமை 1984இலே நிகழ்ந்த பிறகு, 1987இலே தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினர். அபாயகரமான ஆலைகளிலே உடனடி ஆபத்தைக் காணும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கு அறிவிக்கலாம் என்றது திருத்தம். அறிவிக்கலாம் என்றது, அறிவித்துவிட்டு வெளியே நிற்கலாம் என்று சொல்லவில்லை.

அதைச் சொன்னது, ராணா பிளாசாவின் இடிபாடுகளிலிருந்து 2013 மே மாதத்திலே பிறந்த உடன்பாடு. உலகச் சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை வாங்கும் பெருநிறுவனங்களும் கையெழுத்திட்டன. பாதுகாப்பற்றது என்று நம்பத் தக்க காரணமிருந்தால் கட்டடத்துக்குள் நுழைய மறுக்கலாம், கூலி இழப்பின்றி மறுக்கலாம் என்றது அது. ஆய்வு அறிக்கைகள் அலமாரியிலே பூட்டப்படாமல் வெளியிடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, மீறினால் வழக்கு! ஹேக் நகர நடுவர் மன்றத்துக்குச் சங்கங்கள் கொண்டுசென்ற வழக்கிலே, ஒரு நிறுவனம் 2018இலே 23 லட்சம் டாலர் தர உடன்பட்டது. சான்றிதழ் செய்யாததைக் கையெழுத்துச் செய்தது.

நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களையும் எடுத்துப் பாருங்கள், தோழர்களே! கூலி முதல் வரியிலே, போனஸ் இரண்டாம் வரியிலே. பாதுகாப்பு கடைசி வரியிலே. பேச்சுவார்த்தை மேசையிலே முதலிலே விட்டுக்கொடுக்கப்படுவதும் அந்த வரிதான். பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பர். அதிலே அமர்ந்திருப்போரைத் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளரா, மேலாளரா என்று எத்தனை கிளைகள் கேட்டிருக்கின்றன?

டாக்கா உடன்பாட்டுக்கும் எல்லை உண்டு. கையெழுத்திட்ட நிறுவனங்களுக்கு ஆடை தைக்கும் ஆலைகளோடு அது நின்றது. 2021 ஜூலையிலே, டாக்காவை அடுத்த ரூப்கஞ்சில் பழச்சாறும் தின்பண்டமும் செய்யும் ஆலையொன்று எரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிறுவர்களும் அவர்களிலே இருந்தனர். மாடிப்படிக் கதவு பூட்டப்பட்டிருந்தது என்றனர் தீயணைப்புத் துறையினர்.