சூளை அணைந்த நாட்களில் சந்தோஷம்



2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு இருந்தது. அகல் விளக்குகளும் பொம்மைகளும் சுட்டெடுக்கும் நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் அணைந்து கிடந்தன. ஏப்ரல் 12 அன்று உயிர்த்தெழுந்த திருநாளையும் வீட்டிலிருந்தே ஆசரித்தோம். அத்தகைய நாட்களில் சந்தோஷத்தைக் குறித்துப் பேசலாமா?

பவுல் பிலிப்பியருக்கு நிருபம் எழுதியது காவலில் இருந்தபோது. ஆயினும் அதில் சந்தோஷம் என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. காரணத்தைக் கவனியுங்கள். பிலிப்பி சபையார் அவருடைய உபத்திரவத்தை நினைத்து, எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பினார்கள். கொண்டுவந்தவரோ வியாதிப்பட்டு, மரணத்துக்குச் சமீபமாகிப் பிழைத்தார். கட்டுகளும் வியாதியும் துக்கமும் அந்நிருபத்தில் உண்டு. தன்னை மறவாத சகோதரரை எண்ணி மகிழும் உள்ளமும் உண்டு.

பிள்ளைகளோடு வேதம் வாசிப்பதும், மாலையில் குடும்பமாய்ப் பாடி ஜெபிப்பதும், ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதும் தேவன் தந்த நன்மைகளே. அவற்றைக் கூச்சமின்றி அனுபவியுங்கள். ஆனால் சூளை எரிந்தால்தான் அடுப்பு எரியும் என்னும் வீடுகள் நம் தெருவிலேயே உள்ளன. அவர்களுக்குக் கைபேசியில் ஒரு வசனத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்ந்திருப்பது விசுவாசமாகாது என்பதே என் கருத்து.

இவ்வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டை விசாரியுங்கள். வாசலில் அரிசியும் பருப்பும் வைத்துவாருங்கள். அவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அன்று இரவு உங்கள் குடும்ப ஜெபத்தின் சந்தோஷம் நிறைவாயிருக்கும்.

கர்த்தர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.